பாட்டிக்கும் ஒரு சவாரி!



விடுமுறை வருகிறது என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எங்கே போகலாம்?" என்பதுதான். அப்பா ஓர் ஊரைச் சொல்வார். அண்ணன் வேறொன்றைச் சொல்வான். நீங்கள், "தீம் பார்க்... தீம் பார்க்..." என்று குதிப்பீர்கள். சரிதானே?

இன்று நான் வேறொரு கேள்வி கேட்கப் போகிறேன். போன முறை சுற்றுலா போனபோது எடுத்த படங்களை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ராட்டினத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். தண்ணீர்ச் சறுக்கில் அண்ணன் கத்துகிறான். அப்பா கை அசைக்கிறார். எல்லாம் சரி... பாட்டி எங்கே?

பாட்டி அதோ, ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் இரண்டு பை. காலடியில் எல்லாருடைய செருப்பும். கையில் நீங்கள் பாதி குடித்துவிட்டுக் கொடுத்த தண்ணீர் பாட்டில். சில படங்களில் அவர் அருகில் அம்மாவும் இருப்பார், தூங்கிவிட்ட தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு.

இந்தப் பெஞ்சைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். ஏன் தெரியுமா? உலகத்தின் மிகப் பெரிய கேளிக்கைப் பூங்காவே இப்படி ஒரு பெஞ்சில்தான் பிறந்தது!

மிக்கி மவுஸை உருவாக்கிய வால்ட் டிஸ்னியை உங்களுக்குத் தெரியும். அவருக்கு இரண்டு மகள்கள். விடுமுறை நாட்களில் அவர்களை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துப் போவார். அங்கே ஒரு குதிரை ராட்டினம். மகள்கள் அதில் ஏறிச் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களுக்கோ செய்ய ஒரு வேலையும் இல்லை!

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் ஏன் இருக்கக் கூடாது என்று அவர் யோசித்தார். அந்த யோசனை, 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் 'டிஸ்னிலேண்ட்' ஆகத் திறக்கப்பட்டது.

திறப்பு விழா பிரமாதமாக நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! அழைப்பு இருந்தவர்கள் மட்டும் வர வேண்டிய நாளில், போலி டிக்கெட்டுகளோடு பல ஆயிரம் பேர் கூடுதலாக வந்துவிட்டார்கள். கடைகளில் சாப்பாடு தீர்ந்தது. கடும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் தரையில் புதைந்தன. குழாய் வேலை செய்பவர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால், குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் நேரத்துக்கு முடிக்க முடியாத நிலை. வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். மக்கள் தாகத்தால் தவித்தார்கள், திட்டினார்கள்.

பாருங்கள், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் 'எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்கு என்ன தேவைப்படும்' என்ற கணக்கு தவறினால் கொண்டாட்டம் திண்டாட்டம் ஆகிவிடுகிறது.

ஆனால், அவர் தவறுகளிலிருந்து பாடம் கற்றார். அடுத்த பூங்காவுக்கு ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்கு அருகே நிலம் வாங்கினார். அதற்குள் 1966 டிசம்பரில் அவர் இறந்துபோனார். ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய் டிஸ்னி, ஓய்வைத் தள்ளிப் போட்டுவிட்டு தம்பியின் கனவைக் கையில் எடுத்தார். 1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தது. தம்பியின் பெயர் முழுமையாக இருக்க வேண்டும் என்று 'வால்ட் டிஸ்னி வேர்ல்டு' எனப் பெயர் வைத்தார். திறந்த மூன்றே மாதங்களுக்குள் அண்ணனும் காலமானார்.

அந்த இடம் எவ்வளவு பெரியது தெரியுமா? சுமார் 25 ஆயிரம் ஏக்கர்! அதாவது, ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். 10 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள், இரண்டு தண்ணீர்ப் பூங்காக்கள், ஏராளமான தங்கும் விடுதிகள், ஏரிகள், காடுகள்!

முதலில் வந்தது, சிண்ட்ரெல்லா கோட்டை இருக்கும் 'மேஜிக் கிங்டம்'. இங்கே ஓர் அதிசயம் உண்டு. நீங்கள் நடக்கும் தெரு உண்மையில் இரண்டாவது மாடி! ஊழியர்கள் போய்வர, பொருட்களைக் கொண்டுபோகக் கீழே நீளமான சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால், சுரங்கத்தைத் தரை மட்டத்தில் கட்டி, அருகே ஏரி வெட்டிய மண்ணை அதைச் சுற்றிலும் மேலும் கொட்டி, அதன்மேல் பூங்காவை அமைத்தார்கள். டிஸ்னிலேண்டில் ஒரு நாள், கௌபாய் உடை போட்ட ஊழியர் ஒருவர் 'எதிர்கால உலகம்' பகுதி வழியாக நடந்து போனதை வால்ட் டிஸ்னி பார்த்தாராம். கதை கெட்டுவிடுகிறதே என்று வருந்தினாராம். அந்தக் குறைக்குக் கண்ட தீர்வுதான் இந்தச் சுரங்கம்.

1982-இல் 'எப்காட்', 1989-இல் இப்போது 'ஹாலிவுட் ஸ்டுடியோஸ்' என்று அழைக்கப்படும் பூங்கா, 1998-இல் 'அனிமல் கிங்டம்' என மற்ற மூன்றும் வந்தன.

இவ்வளவையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? முடியவே முடியாது. அதனால், அங்கே போகும் குடும்பங்கள் பல மாதங்களுக்கு முன்பே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து திட்டம் போடுகின்றன. அந்தத் திட்டத்தில் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு என்ன வேலை? "அது வேண்டும், இது வேண்டும்" என்று கேட்பது மட்டும்தானா? வாருங்கள், நாமே ஒரு திட்டம் போட்டுப் பார்ப்போம்.

முதலில், ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, அக்கா, தம்பி... ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு ஆசையை எழுத வேண்டும். 'இது மட்டும் கட்டாயம் பார்த்துவிட வேண்டும்' என்பது மாதிரி. ஒருவருக்கு ஒன்றுதான்! உங்களுக்கு மட்டும் பத்து எழுதிக்கொள்ளக் கூடாது.

பாட்டியிடம் கேட்டால், "எனக்கென்ன கண்ணு... நீங்க சந்தோஷமா இருந்தா அதுவே போதும்" என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாதே! தெரியாத ஒன்றின் மேல் எப்படி ஆசை வரும்? நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு நிறைய இருக்கிறது. மேஜிக் கிங்டமில் ஒரு குதிரை ராட்டினம். அது 1917-இல் செய்யப்பட்டது. பாட்டியைவிட மூத்தது! சிறு படகில் உட்கார்ந்தபடி, பல நாட்டுக் குழந்தைகளைப் போன்ற பொம்மைகள் ஆடிப் பாடுவதைப் பார்க்கும் சவாரி ஒன்று உண்டு. 1964-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காக முதலில் செய்யப்பட்ட சவாரி அது. குலுக்கல் இல்லை, பயம் இல்லை. எப்காட்டில் ஒரு ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் தெருக்களையும் கட்டடங்களையும் அமைத்திருக்கிறார்கள். அனிமல் கிங்டமில் திறந்த வண்டியில் போய் ஒட்டகச்சிவிங்கி, யானை, சிங்கம் எல்லாம் பார்க்கலாம். ஆனால், அந்த வண்டி கொஞ்சம் குலுங்கும். தாத்தாவுக்கு முதுகு வலி இருந்தால் முன்பே யோசிக்க வேண்டும்.

அந்த எப்காட் ஏரியை ஒரு சுற்று சுற்றினால் சுமார் 2 கிலோமீட்டர் நடை. உங்களுக்கு அது ஓடி விளையாடும் தூரம். பாட்டியின் முழங்காலுக்கு? சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி என்றால் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அதைத் தள்ளும் வேலையை நீங்களும் அண்ணனும் மாற்றி மாற்றிச் செய்தால், அதுவே ஒரு விளையாட்டு!

அடுத்து, ஓர் அளவு நாடாவை எடுங்கள். சுவர் ஓரமாக நின்று எல்லாரும் உயரம் பாருங்கள். ஏன் என்கிறீர்களா? வேகமான சவாரிகளில் ஏறக் குறைந்தபட்ச உயரம் வைத்திருக்கிறார்கள். 'ஸ்பேஸ் மவுன்டன்' என்ற இருட்டு ரோலர் கோஸ்டருக்கு 112 சென்டிமீட்டர். 'ட்ரான்' என்ற சவாரிக்கு 122 சென்டிமீட்டர். 'ஏழு குள்ளர்கள்' சுரங்க ரயிலுக்கு 97 சென்டிமீட்டர். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலில் வைத்துத் தம்பியை மட்டும், "நீ போக முடியாது" என்று திருப்பி அனுப்பினால் அவன் மனம் என்ன பாடுபடும்! வீட்டிலேயே அளந்து, "இதில் நீ ஏற முடியாது, ஆனால் இதிலும் இதிலும் ஏறலாம்" என்று சொல்லிவிட்டால், அழுகை வீட்டோடு முடிந்துவிடும்.

சிலர் செருப்புக்குள் துணியை வைத்து உயரத்தைக் கூட்டிக் காட்டப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம்! நம்மைப் பிடித்துக்கொள்ளும் கம்பியும் பட்டையும் குறிப்பிட்ட அளவு உடம்புக்காகச் செய்யப்பட்டவை. சிறிய உடம்பு அதிலிருந்து நழுவிவிடலாம். அந்த உயரக் கோடு நம்மைத் தடுக்கப் போட்ட கோடு இல்லை, காப்பாற்றப் போட்ட கோடு.

தம்பி ஏற முடியாவிட்டால் அம்மாவோ அப்பாவோ அவனோடு கீழேயே நிற்க வேண்டியதுதானா? அதற்கும் அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் அப்பா சவாரி போய்வருவார். அதுவரை அம்மா தம்பியோடு இருப்பார். பிறகு அப்பா தம்பியைப் பார்த்துக்கொள்ள, அம்மா மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமலே போய்வரலாம். 'ரைடர் ஸ்விட்ச்' என்று இதற்குப் பெயர். வாசலில் நிற்கும் ஊழியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். பெரிய நிறுவனம் வைத்த பெயரை விடுங்கள். முறை மாற்றி உதவுவது நம் வீட்டிலும் நடக்கக் கூடிய விஷயம்தானே?

மூன்றாவது, நேரக் கணக்கு. ஸ்பேஸ் மவுன்டன் சவாரி மூன்று நிமிடம்கூட நீடிக்காது. கூட்ட நாளில் வரிசையோ ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒரு நாளில் இப்படி எத்தனை வரிசையில் நிற்க முடியும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே இருந்தால் வரிசை குறைவு. ஆனால், மேஜிக் கிங்டமில் கார் நிறுத்தும் இடம் ஏரிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து மோனோ ரயிலிலோ படகிலோதான் வாசலுக்கு வர வேண்டும். அந்த நேரத்தையும் கூட்டிக்கொள்ளாவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

கோடைக்காலத்தில் ஃப்ளோரிடாவில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது சகஜம். மின்னல் வந்தால் வெளியே ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால், மதியத்தில் ஓய்வு வைத்துக்கொள்வது நல்லது. ஓய்வு எடுத்தால் நேரம் வீணாகிறதே என்று நினைக்காதீர்கள். இரவில் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை நடக்கும்போது, தம்பி தூங்கி வழியாமல், தாத்தாவுக்குக் கால் வலிக்காமல் எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டாமா?

நான்காவது, பணக் கணக்கு. இதைப் பெரியவர்கள் உங்களிடம் சொல்வதில்லை. நீங்களும் கேட்பதில்லை. ஆனால், தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. மூன்றிலிருந்து ஒன்பது வயது வரை சிறுவர் டிக்கெட். பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம்தான்! கூட்டம் அதிகமாக வரும் நாட்களில் விலையும் அதிகம். வரிசையில் காத்திருக்காமல் சீக்கிரம் போக, 1999 முதல் ஓர் இலவச வசதி இருந்தது. 2021-இல் அதை எடுத்துவிட்டு, காசு கொடுத்தால்தான் குறுகிய வரிசை என்று ஆக்கிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் மேல் பொம்மைக் கடைகள். ஒவ்வொரு சவாரி முடிந்து வரும்போதும் ஒரு கடை கண் சிமிட்டும். கடை நடுவே தரையில் உருண்டு அழுதால் பொம்மை கிடைக்கலாம். அதற்கான பணம் எங்கிருந்து வரும்? அம்மா தனக்கென்று எழுதியிருந்த ஆசையிலிருந்து கழிந்துதான் வரும். அதனால், புறப்படும் முன்பே, "எனக்கு வாங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். அந்தத் தொகைக்குள் என்ன வாங்குவது என்பது உங்கள் பொறுப்பு. எப்படிச் செலவு செய்தீர்கள் என்று பிறகு நீங்களே பெருமையாகச் சொல்லலாம்.

ஒரு நல்ல செய்தி. அந்தப் பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. ஆக, அங்கே குடியிருக்கும் நம் ஊர்க்காரர்கள் புளியோதரைப் பொட்டலத்தோடு கோட்டைக்கு எதிரே உட்காரலாம்! உணவுக் கடைகளில் கேட்டால் குளிர்ந்த தண்ணீரை இலவசமாகத் தருவார்கள். 1955-இல் தண்ணீருக்குத் தவித்த கதை நினைவிருக்கிறதா?

ஐந்தாவது, மிக முக்கியமானது. கூட்டத்தில் தொலைந்துவிட்டால்? உள்ளே நுழைந்ததும், "பிரிந்துவிட்டால் இங்கே சந்திப்போம்" என்று ஓர் இடத்தை எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அப்பா, அம்மாவின் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். தம்பியின் சட்டைப் பையில் அந்த எண்ணை எழுதி வையுங்கள். வழி தவறினால் முன்பின் தெரியாதவர்களோடு போகக் கூடாது. பெயர் அட்டை குத்தியிருக்கும் ஊழியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். தேடிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடாமல் இருப்பதே பாதுகாப்பு.

திட்டம் முடிந்ததா? இப்போது தாளை மறுபடி பாருங்கள். எல்லாப் பெயருக்கும் எதிரே இருக்கும் ஆசை எங்காவது ஒரு நேரத்தில் வருகிறதா? பாட்டியின் பெயருக்கு எதிரே, 'பை பார்த்துக்கொள்வது' என்று மட்டும் இருந்தால், திட்டம் இன்னும் முடியவில்லை. பைகளை வைக்க வாடகைப் பெட்டிகள் இருக்கின்றன. பைக்குப் பெட்டி போதும், பாட்டி வேண்டாம்!

சில நேரம் பாட்டி உண்மையாகவே, "நான் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன்" என்று சொல்லலாம். அதுவும் ஓர் ஆசைதான். அப்போது நல்ல நிழலான, கூட்டத்தை நன்றாகப் பார்க்கக் கூடிய இடமாகத் தேடிக் கொடுங்கள். ஒருவராவது அவர் பக்கத்தில் உட்காருங்கள். சவாரி முடிந்து வந்ததும் நடந்ததைச் சொல்லுங்கள். தானே விரும்பி உட்காருவது வேறு. யாரும் கேட்காததால் உட்கார்ந்திருப்பது வேறு.

"ஃப்ளோரிடாவுக்கு நாங்கள் எங்கே போகப் போகிறோம்?" என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். விமான டிக்கெட்டின் விலை எனக்கும் தெரியும்! ஆனால், அந்தப் பெஞ்ச் எல்லா ஊரிலும் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடும் பூங்காவிலும் இருக்கிறது. பொருட்காட்சியில் இருக்கிறது. கடற்கரை மணலில், செருப்புகளைக் காவல் காத்தபடி இருக்கிறது. நீங்கள் எங்கே போனாலும் ஒரு வெள்ளைத்தாள், ஓர் அளவு நாடா, கொஞ்சம் கணக்கு, இவை போதும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஒரு மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து தன் குறையை யோசித்தார். அவருக்கு வசதி இருந்தது, பூங்கா கட்டினார். உங்கள் பாட்டி யோசித்தாலும் வாய் திறந்து சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள். "பாட்டி, சின்ன வயசுல நீங்க ராட்டினம் சுத்தியிருக்கீங்களா?" என்று தொடங்குங்கள். அவர் சொல்லும் கதையைக் கேட்ட பிறகு தாளில் முதல் பெயராக யாருடையதை எழுத வேண்டும் என்று நான் சொல்லத் தேவையிருக்காது. அடுத்த சுற்றுலாப் படத்தில் பாட்டியும் ராட்டினக் குதிரை மேல் இருக்கட்டும்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்